வலது கால், பல நாளம்

டுலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. கப்பல் இல்லாததால்
தூக்குப் பாலத்துக்கும் வேலை இல்லை.
மூன்றாம் மாடியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி
ஐலா ஹாப்பலா
பிறர் கால்களை எண்களாக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஒரே நாளத்தில் ஊசி என்றால் எழுபதில் முடியும் எண்.
அதே காலில் பல நாளம் என்றால் எழுபத்தொன்று.
தோலுக்கடியில் சிலந்தி நூற்ற மாதிரி
மெல்லிய சிவப்பு என்றால், அது அழகு.
அழகுக்குக் காப்பீடு தராது.

இன்று திரும்பி வந்த கோப்பு:
மார்லிஸ் ஸ்டென்ஸ்ருத், வயது ஐம்பத்தெட்டு.
மீன் புகையூட்டும் கடையின் சிமெண்டுத் தரையில்
முப்பத்தொரு வருடம் நின்றவள்.
கெண்டைக்காலில் நாளம் ஐந்து மில்லிமீட்டர்.
மேலே போக வேண்டிய ரத்தம்
ஒன்றரை நொடி கீழே வழிகிறது.
எல்லாம் அளந்தாகிவிட்டது. ஆனாலும் கடிதம் சொல்கிறது:
மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை.

டாக்டரின் குறிப்பைத் திறக்கிறாள்.
இறுக்கக் காலுறை போட்ட மூன்று மாதம் எப்படி?
பரவாயில்லை.
இரவில்?
பரவாயில்லை.
நிற்கும்போது?
அதற்கும் அதே.

இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான்.
மீன் பிடிக்கப் போன வண்டி
பனி உடைந்து ஏரிக்குள் இறங்கினாலும்
கரையில் நனைந்து நின்றபடி இதைத்தான் சொல்வார்கள்.
ஐலாவின் அப்பாவும் சொன்னார், ஐசியூவில்,
குழாயை எடுத்த பிறகு.

பரவாயில்லைக்கு ஒரு கோடு உண்டு:
அறிகுறியற்ற நரம்புச் சுருட்டு, ஐந்து எழுத்து.
வலி இருந்தால் ஓர் எழுத்து நீளும்.
அந்த ஓர் எழுத்தின் விலை
மார்லிஸுக்கு இரண்டாயிரத்து நூறு டாலர்.

விரல் தட்டினால் போதும். யாருக்கும் தெரியாது.
தணிக்கை வந்தால் தெரியும்.
தணிக்கை வராவிட்டாலும்
ஐலாவுக்குத் தெரியும்.
எழுதாதது நடக்கவில்லை:
இந்தத் தொழிலின் முதல் பாடம் அது,
கொஞ்சம் கொடூரமான பாடம்.

ஏழாம் பக்கம் கோணலாக ஸ்கேன் ஆகியிருக்கிறது.
காத்திருப்பு அறையில் நிரப்பிய படிவம், பென்சில்.
'வேறு ஏதாவது?' என்ற கேள்விக்குக் கீழே:
மூணு மணிக்கு மேல வாளியைக் கவுத்துப் போட்டு
உக்காந்துதான் மீன் அறுக்கிறேன். ஓனருக்குத் தெரியாது.
எழுதிவிட்டு
அதன் மேலேயே ஒரு கோடு கிழித்திருக்கிறாள்.

பதினோரு வருடம் கோடு போட்டவள்
இந்தக் கோட்டுக்கு என்ன எண் என்று யோசிக்கிறாள்.

வலியா என்று டாக்டரைக் கேட்கக் கூடாது.
பதிலை ஊட்டிவிடும் கேள்வி, விதிப்படி குற்றம்.
நான்கு முறை எழுதி அழிக்கிறாள்.
(முதல் பிரதியில் கோபம் இருந்தது.)
ஐந்தாவது:
ஏழாம் பக்கத்தைப் பார்க்கவும்.
பதிய வேண்டியது இருந்தால் பதியவும்.
இல்லையெனில், இல்லை என்று பதியவும்.

இரண்டு நாள். காபி இயந்திரம் பழுதாகிச் சரியாயிற்று.
மூன்றாம் நாள் காலை ஒரு பிற்சேர்க்கை:
நோயாளியுடன் தொலைபேசியில் பேசினேன்.
வலது காலில் வலி. பிற்பகலில் நிற்க முடிவதில்லை.
முதலில் நான் கேட்ட விதம் சரியில்லை.

கடைசி வாக்கியத்துக்குக் கோடு கிடையாது.
ஐலா அதை இரண்டு முறை படித்தாள்.
பிறகு அந்த ஆறாவது எழுத்தைத் தட்டினாள்.

பணம் வந்ததா, அவளுக்குத் தெரியாது.
அது வேறு மேசை, வேறு மாடி.
ஏப்ரலில் பனி உடைந்து
முதல் கப்பல் ஊதியபோது
இடது காலுக்கான படிவம் வந்தது.
ஏழாம் பக்கம். இம்முறை பேனா.

பரவாயில்லை.
ஆனால் வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.