தலைப்பில்லாத பத்தி

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
எனக்கு வியாபாரம்.
நின்ற வண்டிகளிலிருந்து இறங்கி
சார்ஜர் கேட்பார்கள், சில்லறை கேட்பார்கள்.
அவர் லேப்டாப்போடு இறங்கினார்.
முழுக்கைச் சட்டை, மடிப்பில் உமித்தூள்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராம்.
ரசீதுக்குப் பெயர் தவமணி என்றார்,
அதையும் கொஞ்சம் யோசித்துத்தான்.

"ஆன் ஆகுது. அப்புறம் சுத்திக்கிட்டே இருக்கு."
சுற்றியது,
சேற்றில் மாட்டிய டிராக்டர் சக்கரம்போல
இருந்த இடத்திலேயே.

டிஸ்க் இருக்கா என்றேன்.
எந்த டிஸ்க் என்றார்.
கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.
வாங்கிய வாரமே
நாலு டிவிடியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று
திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்திருக்கும்.
'பிறகு' என்று அழுத்தியிருப்பார்.
நானும் என்னுடையதில் அதைத்தான் அழுத்தினேன்.

டிரைவின் வாலில் மறைவாக ஒரு பகுதி உண்டு.
பதினோரு ஜிபி.
கம்பெனி விதைநெல் போட்டு வைக்கும் குதிர்.
திறந்து பார்த்தால்
அதை அழித்துவிட்டு
மன்னார்குடி மண்டபத்துக் கல்யாண வீடியோ.
விதைநெல்லைப் பொங்கிப் பந்தி போட்டாயிற்று.

கவிழ்த்துப் போட்டேன்.
அடியில் ஸ்டிக்கர், ஐந்தைந்தாய் இருபத்தைந்து எழுத்து.
வியர்வையும் சாக்குச் சுணையும் பாதியைத் தின்றிருந்தன.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
பி-யா, எட்டா?
அவரும் குனிந்தார்.
"எட்டுன்னே போடுங்க" என்றார்,
தராசுக்குப் பக்கத்தில் நின்று பழகிய குரலில்.

இதே மாடல் ஒன்று உள்ளே கிடந்தது.
வலங்கைமான் டியூஷன் சென்டர் பொருள்,
திரை உடைந்து ஒரு வருஷமாய் வாங்க வரவில்லை.
பையில் நாலு டிவிடி, மார்க்கரில் நம்பர் போட்டு.
எங்கோ ஒருவர் 'பிறகு' அழுத்தாமல் இருந்திருக்கிறார்.

"பழைய ஃபைல் வேணுமா?"
"எதுவும் வேணாம். சுத்தமா அழிச்சிருங்க."
"கல்யாண வீடியோ?"
"அதுவுந்தான்."

இந்தக் கடையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.
போட்டோ போட்டோ என்று பதறுவார்கள்.
பழக்க தோஷம், பென்டிரைவில் கிளப்பிப் பார்த்தேன்.
'புதிய கோப்புறை மூன்று.'
உள்ளே ஒரே எக்செல்.
டோக்கன், பெயர், ஊர், மூட்டை, ஈரப்பதம்.
கடைசிப் பத்திக்குத் தலைப்பு இல்லை.
மூட்டையை நாற்பதால் பெருக்கினால் வரும் எண்.

நூற்றுப் பதினேழாவது வரி:
கு. செந்தாமரை, மேலப்பத்து, 62, 17, 2480.

என் அக்கா.
தார்ப்பாய்க்கடியில் நாலு ராத்திரி
நெல்லோடு படுத்தவள்.
ஈரம் பத்தொன்பது என்று ஒதுக்கினார்கள்.
ஐந்தாம் நாள் பதினேழாச்சு.
வெயில் அடிச்சுது என்றாள் எங்களிடம்.
அந்த வாரம் முழுக்க மழை.

பதினாலு கேபி.
நகலெடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.
எடுத்த பிறகுதான்
எடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கேட் திறந்தது. ஹாரன்கள் ஓய்ந்தன. அவர் போகவில்லை.
அழிக்கவா என்று கேட்டது கணினி.
"அழிச்சிருங்க", என் தோளுக்குப் பின்னாலிருந்து.
அழித்தேன்.

மூன்றாவது டிஸ்கில் கீறல்.
துப்பட்டா நுனியால் துடைத்துத் துடைத்துப் போட்டேன்.
எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
மறுபடி கேட் போட்டு
அரிசி ஏற்றிய கூட்ஸ் போனது.
நாற்பத்திரண்டு வேகன் வரை எண்ணினேன்,
அவரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒன்பதரைக்கு எழுந்தது.
ஸ்டிக்கர் எழுத்தைக் கேட்கவே இல்லை.
கம்பெனி டிஸ்க், தன் கம்பெனி போர்டை
மோப்பம் பிடித்துத் தெரிந்துகொள்ளும்.
பி-யோ எட்டோ, யாருக்கும் தேவைப்படவில்லை.
பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்ததுபோல் ஒரு நீலம்.
உங்கள் பெயர் என்ன என்றது.
அவர் ஒற்றை விரலால் தட்டினார்.
பாஸ்வேர்டுக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
அது கடை மரியாதை.

அறுநூறு என்றேன். எண்ணாமல் நீட்டினார். எழுநூறு.
நூறைத் திருப்பித் தந்தேன்.
"வச்சுக்கங்க."
"வேணாம் சார். பில்லுல அறுநூறுதான் போட்டிருக்கு."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.
பென்டிரைவ் கைக்குள் இன்னும் சூடாக இருந்தது.
எடுத்தாள்.
அங்க மழையா என்று
அதை மட்டும் கேட்டேன்.