ஸ்டியரிங் லேசாகும் இடம்

ஏழு பெட்டி.
தஞ்சாவூர் பார்சல் ஆபீஸில் குட்டியானை ஏறி
நீடாமங்கலம் கேட்டில் முப்பத்தைந்து நிமிஷம் நின்றன.
நெல் கூட்ஸ் ஒன்று
இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தது.
ஒரு வளைவில்
நூறில் ஒரு பங்கு விநாடி மிச்சம் பிடிக்க
நான் வாங்கிய சாமான் அது.

அலுமினியச் சட்டம், எண்பதுக்கு நாற்பது.
படம் பார்த்துப் பூட்டிக்கொண்டே போனால்
பதினோராம் பக்கத்தில் சீட்டு போல்ட் நாலு குறைகிறது.
சிங்காரவடிவேல் கடையில் கேட்டார்கள்:
"எந்த வண்டிக்கு?"
"மாடியில நிக்கிற வண்டிக்கு."
சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்,
அறுப்பு மிஷினுக்குப் போடுகிற எட்டு எம்.எம்.
கச்சிதம்.

ரசமட்டம் வைத்தால் தரை மேற்கே சாய்கிறது.
மழைத்தண்ணி ஓட மொட்டைமாடிக்கு விட்ட வாட்டத்தை
கொத்தனார் அறைக்குள்ளும் விட்டிருக்கிறார்.
நாலு காலில் ஒரு காலுக்கு
பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டு.

மோட்டாரைப் போட்டதும்
சட்டத்தில் எறும்பு ஊர்ந்தது.
எர்த் இல்லை என்றான் அமிர்தகடேசன்.
கொல்லையில் தோண்டினான்.
பங்குனி. ஆற்றில் வெறும் மணல்.
நாலாவது அடியில் களிமண்
மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
கரி, உப்பு, கரி, உப்பு, ஒரு குடம் தண்ணீர்.
மாடியில் நிற்கும் வண்டிக்கு
இப்போது ஆறடி ஆழத்தில் ஈரம் இருக்கிறது.

ஓட்டிப் பார்த்து எழுதியது:
சீட்டு இடுப்பைப் பிடிக்கிறது, சாப்பிட்டவுடன் ஏறக்கூடாது.
பிரேக் இறங்குவதே இல்லை, அழுத்தம்தான் கணக்கு.
அறுபது கிலோ,
ஒரு மூட்டை நெல்லை இடதுகால் தாங்கிப் பிடிப்பது.
மிதித்தாலும் சட்டம் நெளியவில்லை.
ஸ்டியரிங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் பெல்ட் இல்லை.
தார்ச்சாலையின் பொருக்கு அப்படியே விரலுக்கு வருகிறது.
பின்சக்கரம் வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்பு
கையில் இருந்த கனத்தை
யாரோ வாங்கிக்கொள்கிற மாதிரி

இதற்குமேல் எழுதவில்லை.

வெண்ணாற்றுக் கரை ரோடு. மாசிக் கடைசி.
வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று
பரப்பிப் போட்டிருந்த உளுந்துச் செடி.
ஐம்பதில்தான் போனேன்.
ஸ்டியரிங் லேசானது.
லேசானதை நான்
சுகம் என்று நினைத்தேன்.
புளியமரம்.
தையல்நாயகிக்கு இடது தோளில் ஒரு தகடு, ஆறு ஸ்குரூ.
அப்புறம் அவளுக்கு எங்கே போனாலும் பஸ்தான்.

நாற்பத்தோரு தடவை
அதே வளைவுக்கு அதே வேகத்தில் போனேன்.
நாற்பத்தோரு தடவையும் ஸ்டியரிங் முன்கூட்டிச் சொன்னது.
அன்றைக்கும் சொல்லித்தான் இருக்கும்.

ராத்திரி பத்தரைக்கு அவள் மாடிக்கு வந்தாள்.
நாலு லட்சமா என்று கேட்பாள் என நினைத்தேன்.
புடவையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு
எந்தக் கால் எதுக்கு என்றாள்.
சீட்டை இரண்டு துளை முன்னே நகர்த்தினேன்.

முப்பதில் போனாள்.
மற்ற கார்கள் எல்லாம்
ஒரு சுற்று, இரண்டு சுற்று தாண்டிப் போயின.
வளைவுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போதே பிரேக்.
இடதுதோளை லேசாக ஒதுக்கி,
சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்து,
திரும்பினாள்.
நான் பக்கத்தில் நின்றேன்.
பக்கத்தில் சீட்டு கிடையாது.

பின்னால் ஒருவன் இடிக்க வந்தான்.
கட்டைவிரல் அங்கும் இங்கும் தேடியது.
"ஹார்ன் எங்கே?"
"இதுல ஹார்ன் இல்லை."
"இவ்வளவு காசு கொடுத்து
ஒரு ஹார்ன் வைக்கலையா?"

கீழே கேட் மூடும் மணி அடித்தது.
அவள் இறங்கவில்லை.
காலையில் அமிர்தகடேசனுக்குப் போன் போட வேண்டும்,
அந்தச் சிவப்புப் பட்டன் சும்மாதான் இருக்கிறது.