எடைக்கு வைத்தவை

இரண்டாம் மாடி, வடக்கு வகுப்பறை, நான்காவது ஜன்னல்.
ஏழு பூச்சு சுரண்டிவிட்டேன்.
நகராட்சியின் சாம்பல் நிறம், அதற்கடியில் பச்சை,
ஆக அடியில்
சபையார் மலிவாய் வாங்கிய மாட்டுக்கொட்டகைச் சிவப்பு.

சஸ்காச்சுவான் சமவெளியில்
காற்று முதன்முதலாக முட்டிக்கொண்ட சுவர் இதுதான்.
செங்கல்லைப் பனிச்சறுக்கு வண்டிகளில் இழுத்துவந்து
நார்வே லுத்தரன்கள் கட்டிய உயர்நிலைப் பள்ளி.
முதல் வருடக் கணக்கேட்டில் கட்டண வரவு:
ஹால்டிஸ் மோ, ஓட்ஸ் ஒன்பது மூட்டை.
தர்யே லுன்டெ, அரை மாடு,
மீதி அடுத்த பருவம்.
மீதி வந்ததா?
ஏட்டில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.

விஷக்காய்ச்சல் வந்த குளிர்காலம்
பெஞ்சுகளை இரண்டிரண்டாய்ச் சேர்த்துக் கட்டிலாக்கினார்கள்.
இயற்கணிதத்தை அழித்த கரும்பலகையில்
பெயர், நேரம், உடற்சூடு.
சில பெயர்களுக்கு நேரத்தோடு நின்றுவிட்டது.

இருபத்தேழில் சபைக் கூட்டம், மூன்று இரவு.
இனி ஜெபமும் பாடமும் ஆங்கிலத்தில்.
நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
தோற்ற முப்பத்தெட்டில் ஒருவர், எய்வின்ட் ரோஸ்டா,
பள்ளியின் காவலாளி, கொதிகலன் பார்ப்பவர்,
தொப்பியை மறந்து பனியில் இறங்கி நடந்தாராம்.
மறுநாள் காலை ஐந்துக்கு
வழக்கம்போல் நிலக்கரி அள்ளிப் போட்டிருக்கிறார்.

பிறகு மழை இல்லை. கோதுமை இல்லை.
வானமே புழுதி.
ஓர் எடையிரும்பு அப்போது விலைபோயிருக்கும்.
யூகம்தான்; ரசீது இல்லை.

இன்று எடைப்பெட்டியின் பலகையை நெம்பித் திறந்தேன்.
இரும்பு உருளை தொங்கவேண்டிய கயிற்றில்
மெழுகுத்துணிப் பை ஒன்று,
பாம்புச் சட்டை மாதிரி ஒல்லியாய், நீளமாய்.
தையலைப் பிரித்தால்
நார்வே மொழியில் ஞானோபதேசம்,
உள்ளங்கை அளவு, இருபத்து மூன்று பிரதி.
கடைசிப் பிரதிக்குக் கீழே
எடை போதாமல் போட்ட ஒரு கைப்பிடி ஆணி.

பாரம்பரியக் கட்டடப் பிரிவிலிருந்து
டெனிஸ் லாவலே வந்தார்.
"விதிப்படி அசல் என்பது இரும்பு.
புத்தகங்கள் ஆவணக் காப்பகத்துக்கு."
நான் பதில் பேசவில்லை.
பையைத் தைத்து மாட்டி, ஜன்னலைப் பாதிக்குத் தூக்கி
கையை எடுத்தேன்.
இடப்பக்கம் இரும்பு, வலப்பக்கம் வினாவிடை.
மயிரிழை இறங்கவில்லை.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
பேனாவின் பின்பக்கத்தால் சட்டத்தை அழுத்தினார்.
அரை அங்குலம் இறங்கி, அங்கேயே நின்றது.
படிவத்தில் 'பொருள்' என்ற கட்டத்தில்
காகிதம் என்று எழுதினார், அடித்தார்.
'நிலை' என்ற கட்டத்தில்: இயங்குகிறது.
கையெழுத்து.

பருத்திக் கயிறு மட்டும் புதிது.
பலகையை ஆணி அடிக்காமல்
திருகாணியில் மூடினேன்.

திறந்த ஜன்னல் வழியே குளிர் ஏறி வந்தது.
தேவாராதனை நடந்த கீழ்க்கூடத்தில் இப்போது
வாகன உரிமம் கொடுக்கிறார்கள்.
ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில்
நாற்பதாம் எண்ணைக் கூப்பிடுகிறது.
மறுபடி கூப்பிடுகிறது.