ஒரு மீட்டர் எண்பது

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில்
இருபத்து நாலு சதுர மீட்டர் என்றிருந்தது.
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்:
விசேஷக் காட்சிக்காக மேலதிகம், மாதம் நூற்றிருபது யூரோ.

என்ன காட்சி என்று நான் கேட்கவில்லை.
விடிய நாலரைக்குப் போய்
ஒரு வங்கியின் பதினொரு மாடியைத் துடைத்துவிட்டு வருகிறவளுக்கு
ஜன்னல் என்பது துடைக்கிற சாமான்.

லாச்சப்பலுக்குப் பின்தெரு. ஆறாம் மாடி. லிஃப்ட் இல்லை.
கக்கூஸ் நடைவழியில், நாலு வீட்டுக்கு ஒன்று.
அரிசி மூட்டை நாலாம் மாடியில் நின்று
என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மிச்சம் ஏறும்.

பிந்துதான் தொடக்கி வைத்தாள். எதிர்க் கதவு, மாலி நாட்டுக்காரி.
எங்கள் இருவரின் பிரெஞ்சும்
வாடகைக்கும் வைத்தியத்துக்கும் மட்டும் காணும்.
"அளந்து பார்த்தாயா?" என்றாள்.

ஒரு ஞாயிறு அளந்தோம்,
அடுப்பில் ஆட்டிறைச்சி கொதிக்க,
தையல் நாடாவின் ஒரு நுனி அவள் விரலில்,
மறு நுனி என் பல்லில்.
கூரை சரிந்து இறங்குகிற வீடு.
வாசலில் நிமிர்ந்தவள் மூன்றாம் அடியில் குனிவேன்,
ஐந்தாம் அடியில் முழந்தாள்.
ஒரு மீட்டர் எண்பதுக்குக் குறைந்த உயரத்தின் கீழ்
கிடக்கிற தரை தரையே இல்லையாம்.
சட்டம் அதை எண்ணாது.

நான் படுக்கிற இடம் தரை இல்லை.
அரிசி வாளி நிற்பதும் இல்லை.
சுவாமிப் படம் பாதி உள்ளே, பாதி வெளியே.
கூட்டினால் பதினேழு தசம் ஆறு.
நம்பாமல் பிந்து தன் மகளைக் கூப்பிட்டு
இன்னொரு தரம் கூட்டுவித்தாள்.

பிறகு காட்சி.
மேசைமேல் கதிரை, கதிரைமேல் நான்,
கூரைச் சாளரத்தைத் தள்ளினால்
புகைபோக்கி, புறா, யாரோ ஒருவரின் அன்டெனா,
அதற்கும் அப்பால் மோன்மார்த்ர் குன்றின் வெள்ளைக் கோபுரம்
நகக்கண் அளவு.
கோயிலுக்குப் போனால் உண்டியலில் விரும்பியதைப் போடலாம்.
இங்கே தூரத்தில் தெரிவதற்கே மாதக் கட்டணம்.

"அனுப்பாதை, எழுப்பிப் போடுவான்"
என்றாள் தொலைபேசியில் மச்சாள் தவராணி.
வாடகையாளர் சங்கத்தில், மூக்கில் வளையம் போட்ட பெட்டை
நாட்காட்டியை எண்ணினாள்:
மூன்று மாதம் முடிய ஒன்பது நாள்.
கக்கூஸ் வெளியே என்ற வரியைக் கண்டதும்
பேனையை எடுத்து இரண்டு கோடு இழுத்தாள்.
அப்படியென்றால் மேலதிகம் கேட்கவே ஏலாதாம்.
நள்ளிரவில் மகனின் செருப்பைத் தேடி
நான் திட்டித் தீர்த்த நடைவழி
எனக்காகச் சாட்சி சொல்லப் போயிற்று,
பதிவுத் தபாலில்.

சமரசக் குழுவுக்கு வீட்டுக்காரர் நனைந்த குடையோடு வந்தார்.
கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எனக்குக் கதவு பிடித்தார்.
"காட்சி காட்சிதானே, மதாம்."
நான் எடுத்த படத்தை முன்னால் வைத்தேன்.
"கோபுரம் எங்கே?" என்று அவரே கேட்டார்.
விரலால் தொட்டுக் காட்டினேன்.
கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.
குழுவில் ஒருவர் சிரித்து, அதை இருமலாக்கினார்.

மேலதிகம் போயிற்று. கட்டியதும் திரும்பி வந்தது.
அளவை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை,
ஆள் அனுப்பி அளப்பாராம், வருகிற செவ்வாய்.
அளக்கட்டும்.

யதுர்ஷன் இப்போது ஒரு மீட்டர் முப்பத்தொன்று.
எண்ணப்படாத பக்கத்தில்
இந்த வீட்டில் அவன் ஒருவன்தான் நிமிர்ந்து நடக்கிறான்.
அவன் உயரத்துக்குச் சுவரில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன்.
செவ்வாய்க்கு முன் அழிக்க வேண்டும்.
சுவரில் எதுவும் எழுதக்கூடாது: ஒன்பதாம் பக்கம், கடைசிக்கு முதல் வரி.
ஒப்பந்தம் முழுவதும் இப்போது எனக்குப் பாடம்.