கோசோங்

சுங்கை கெலாடிக்கு ஒரே தெரு.
ஒற்றைப்படை எண்கள் ஆற்றோரம்,
இரட்டைப்படை மேட்டில்,
நடுவே லோரி உதிர்த்துப் போன செம்பனைப் பழங்கள்.
வரிப் பேரேட்டில் இந்தத் தெரு பதினெட்டுப் பக்கம்.
ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில்
பழைய ஏடுகளைக் கழிக்கச் சொன்னார்கள்.
கழிக்குமுன் படித்தேன்.

எண் 1, சா. ராம. கிட்டங்கி.
பெட்டியடியில் இருந்தவர் கப்பலேறிப் போனார்,
பெட்டி நின்றுவிட்டது, தூக்க ஆளில்லாமல்.
எண் 4, சவுந்தரப் பிள்ளை சலவைக்கடை.
கிராணிமார் கால்சட்டைக்குத்தான் அங்கே கஞ்சி.
எண் 7, மொய்து காக்கா கடை.
சம்பள நாளில் குழம்பில் எலும்பு தட்டுப்படும்,
மற்ற நாளில் வாசம் மட்டும்.
(இது பேரேட்டில் இல்லை. எனக்குத் தெரியும்.)
எண் 9 மூன்று தடவை எரிந்து
மூன்று தடவையும் காப்புறுதியில் எழுந்தது.
எண் 11, லிம் ஆ பெங், இரும்புச் சாமான்:
பால் வாளி, மரம் சீவும் கத்தி, சவப்பெட்டிக்கு ஆணி.
மாடி: கோசோங்.

கோசோங் என்றால் காலி.
தொலைபேசி எண் சொல்லும்போது சுழியம்.
ஒட்டுக்கடையில், சீனி போடாத தே ஓ.
ஊதா மையில், எழுபது முதல் எழுபத்துமூன்று வரை,
நாங்கள்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றவர்கள்
லயத்தில் முதலில் கழற்றியது கூரைத் தகரத்தை.
ஆட்களைப் போகச் சொல்லவேயில்லை.
மழை சொன்னது.
அப்பா மாசிலாமணி சிவப்பு அடையாள அட்டையோடும்
அம்மா கனகாம்புஜம் ஏழு மாத வயிற்றோடும்
லிம் கடை வாசலில் நின்றார்கள்.
தவ்கே மேலே கை காட்டினார்.

அவர் நல்லவரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.
வாடகை வாங்கவில்லை.
மாடியில் ஆள் இருந்தால் திருடன் வரமாட்டான்,
ஆள் இல்லையென்றால் வரி குறையும்.
இரண்டுக்கும் நாங்கள் உதவினோம்.

தம்பி திருமாறன் அங்கேதான் பிறந்தான்.
பிறப்புப் பத்திரத்தில் முகவரி: லயம் 6, கதவு 42.
அன்றைக்கு லயம் 6-இல் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.
இல்லாத வீட்டில் பிறந்தவன்,
இருந்த வீட்டில் இல்லாதவன்.
அவனுக்கு அடையாள அட்டை எடுக்க
அப்பா பதினோரு தடவை ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்.

வரி மதிப்பிட ஆள் வரும் நாள்
லிம் கீழிருந்து தூணில் சுத்தியலால் மூன்று தட்டுவார்.
அம்மா அடுப்பின் மேல் ஈரச் சாக்கைப் போடுவாள்.
எனக்குக் கக்குவான் இருமல்.
ஒரு சீனிக்கட்டியை என் வாயில் திணித்து
உள்ளங்கையால் மூடுவாள்.
அது கரையும்வரை
மாடி கோசோங்.

பேரேட்டில் எழுதியவன் பொய் சொல்லவில்லை.
படியடியில் நின்று கேட்டான், சத்தமில்லை, எழுதினான்.
நானும் முப்பத்தொரு வருடம்
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

போன செவ்வாய், எண் 11.
இப்போது கைப்பேசிக் கடை.
லிம்மின் பேரன் பாரத்தை நிரப்பித் தந்தான்:
கீழ்த்தளம் வணிகம், மாடி கோசோங்.
அதே படி. மூன்றாம் பலகை இன்னும் முனகுகிறது.
படியடியில் ரப்பர் செருப்புகள், ஏழு சோடி,
செம்பனைத் தோட்டத்து மண் காயாமல்.
ஒன்று என் உள்ளங்கை நீளம்தான்.
மேலே யாரோ இருமினார்கள்,
சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து வரும் இருமல்.

பேரன் என்னைப் பார்த்தான்.
நான் பாரத்தைப் பார்த்தேன்.
ஏழு என்று எழுதினால்
விடிவதற்குள் குடிநுழைவு லோரி வரும்.

கையெழுத்துப் போடுகையில் பேனா ஒருமுறை திக்கியது.
உதறிவிட்டுப் போட்டேன்.

தெருவுக்கு இறங்கும்போது
மேலே இருமல் நின்றிருந்தது.
யாரோ எதையோ
வாயில் வைத்திருக்க வேண்டும்.