உள்பூச்சு

அக்கரைப்பேட்டை ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் என் கொட்டகை.
போட்டு விசிறியில் சிக்கிய வலையை
முங்கி அறுக்கிற அஞ்சப்பன்
இரும்பு சிலிண்டரைத் தோளில் போட்டு வந்தான்.
'உள்ள பெயின்ட் புதுசாட்டம் இருக்குக்கா,
தேதி மட்டும் குத்திக் குடுங்க.'

மீதிக் காற்றை விட்டேன். வால்வைக் கழற்றி
மோந்து பார்த்தேன்.
சுண்டைக்காய் பல்பை வயரில் இறக்கினேன்.
சுவரெல்லாம் வழவழப்பு, அரக்கு நிறம்.
அடியில் மட்டும்
அம்மை போட்ட கன்னம்.

ஒரு கொப்புளத்தைக் கம்பியால் குத்தினேன்.
பழுப்புத் தண்ணீர்.
நுனி நாக்கில் வைத்தேன்:
உப்பு.

ஐம்பது பார் மிச்சம் வைத்து ஏறுகிறவன் சிலிண்டரில்
கடல் நுழையாது.

'எப்ப?' என்றேன்.
கூரைத் தகரத்தைப் பார்த்தான்.
'தை கடைசியில. கடுவையாத்து மொகத்துல.
நைலான் காலைப் புடிச்சுக்கிட்டுது,
இழுக்க இழுக்க ஒண்ணும் வரல.
வூட்ல சொல்லலக்கா.'

பூச்சு முழுக்கச் சுரண்டணும்,
தண்ணி ஏத்தி அழுத்தம் பார்க்கணும்,
ஒன்பது நாள் ஆகும் என்றேன்.
'அதுவரைக்கும்?'
'கரையில இரு.'

அவன் போனபின் நோட்டில் எழுதினேன்:
உட்புறம் ஈரம்.
காரணம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.