முந்நூற்றுப் பதினேழு

காட்பாடியில் மூன்றாம் மாடி.
எக்செல் தாளில் இடப்பக்கம் எண்கள்,
வலப்பக்கம் வெறும் கட்டம்.
நிரப்புவது என் வேலை.
இடைவெளியும் சேர்த்து இருபத்தைந்து எழுத்து,
அதற்கு மேல் ரேஷன் மெஷின் காட்டாது.

102க்கு 'சர்வர் தூங்குகிறது' என்று எழுதினேன்.
ஜெயசீலன் சார் சிரிக்காமல் அழித்தார்.

317க்கு ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருந்தது:
'தங்கள் கைரேகை தவறானது'.
ஒரு விரலைப் பார்த்து
தவறு என்று எப்படிச் சொல்வது?
ஒரு வாரம் மல்லுக்கட்டினேன்.
சனிக்கிழமை குடியாத்தத்தில் பஸ் மாறி
பேரணாம்பட்டு ரேஷன் கடை வரிசையில் நின்றேன்,
கையில் கார்டு இல்லாமல்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரம்
பதினெட்டு வருடம் குல்சார் பேகத்துக்கு.
கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி.
வைத்தார். சிவப்பு.
மறுபடி வைத்தார்.
'முந்நூத்திப் பதினேழு' என்றார் கடைக்காரர்
யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.

வரிசை மொத்தமும் திரும்பியது.
'உனக்கும் அதானா? போன மாசம் எனக்கு.'
'முந்நூத்திப் பதினேழுன்னா ஒண்ணுமில்லக்கா,
முந்தானையில தொடச்சிட்டு
மோதிர விரல வை. எடுத்துக்கும்.'

எடுத்துக்கொண்டது.
அரிசி தராசில் விழுந்த சத்தத்தில்
பின்னால் யாரோ தும்மினார்கள்.

என் கட்டத்தை
எனக்கு முன்பே நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை தட்டச்சினேன்:
'விரலைத் துடைத்து வேறு விரல் வையுங்கள்'

'பிழைங்கிற வார்த்தையே காணோமே?' என்றார் சார்.
'இடம் பத்தல சார்.'

எண்ணிப் பார்த்தால்
இன்னும் மூன்று எழுத்துக்கு இடம் இருந்தது.